பெண் கொடுத்த வீட்டில் ஒரு படுக்கை

குலசேகரன்பட்டினத்துக் காசிலிங்கத்தைக் கெட்ட மனுஷன் என்று யாரும் சொன்னதில்லை. குடி கிடையாது, சீட்டு கிடையாது, அடுத்த வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்கிற பழக்கமும் கிடையாது. ஒரே ஒரு வியாதிதான் உண்டு, கௌரவம். கம்பி கட்டுகிற வேலை பார்த்து, எவ்வளவு தேய்த்தாலும் துரு போகாத உள்ளங்கையோடு திரிந்த அந்த மனுஷனுக்கு ஒரு ஜில்லா கலெக்டருக்கு இருக்க வேண்டிய கௌரவம் இருந்தது. வெள்ளை வேட்டி கட்டாமல் பஸ் ஏற மாட்டார். வேலைக்கான காக்கி நிக்கர் பையின் அடியில், செய்தித்தாளில் சுற்றி, யார் கண்ணிலும் படாமல் இருக்கும்.

தூத்துக்குடியில் புது ஹார்பர் வேலை மும்முரமாக நடந்த காலம் அது. கடலுக்குள் கல்லைக் கொட்டிக்கொண்டே போனார்கள். கரையில் கான்கிரீட் வேலைக்குக் கம்பி வளைக்கவும் கட்டவும் ஆள் எடுத்தார்கள். ஒரே மகள் செல்லக்கனியைக் கட்டிக் கொடுத்து வீடு துடைத்து விட்டாற்போல் ஆகியிருந்த சமயம். காசிலிங்கம் ஒரு கண்ட்ராக்டரிடம் சேர்ந்துகொண்டார். திங்கட்கிழமை விடிகாலை முதல் பஸ்ஸில் ஏறி திருச்செந்தூர், ஆத்தூர் வழியாக வந்து இறங்கினால் சனிக்கிழமை சாயங்காலம்தான் ஊர் திரும்ப முடியும். நடுவில் வருகிற ராத்திரிகளில் எங்கே தலை சாய்ப்பது? அதுதான் பெரிய தலைவலியாக இருந்தது.

ஸ்டேஷன் பக்கத்து லாட்ஜில் கேட்டார். அங்கே சொன்ன வாடகையைக் கொடுத்தால் வீட்டுக்கு வெறுங்கையோடுதான் போகவேண்டும். கண்ட்ராக்டர் போட்டிருந்த ஷெட்டில் வெளியூர்க் கல் வேலைக்காரர்கள் குடும்பம் குடும்பமாக அடைந்து கிடந்தார்கள். அறை வாடகைக்கு என்று எழுதிப் போட்டிருந்த வீடுகளிலெல்லாம் “சம்சாரம் வரலியா? தனி ஆளுக்குக் குடுக்கது இல்லியே” என்று கதவைச் சாத்தினார்கள். தனி ஆள் என்றால் என்ன, புலியா கரடியா? ஐம்பதை நெருங்குகிற மனுஷனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது?

கடைசியில் யாரோ கைகாட்டி, மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த தெருவில் அந்தோணியம்மாள் வீட்டுக்குப் போனார். தோணியில் கொழும்புக்குப் போன புருஷன் திரும்பி வராத பொம்பளை அவள். முன்னறையில் கயிற்றுக் கட்டில்களை வரிசையாகப் போட்டு வாடகைக்கு விட்டிருந்தாள். ஒரு கட்டிலுக்கு இரண்டு ஆள். பகலில் வேலைக்குப் போகிறவன் ராத்திரி படுப்பான். ராத்திரி காவலுக்கும் கப்பல் சரக்கு ஏற்றவும் போகிறவன் பகலில் வந்து படுப்பான்.

“ராத்திரி ஒங்களுக்கு, பகலு வாட்ச்மேன் மரியானுக்கு. விரிப்பும் தலகாணியும் அவுகவுக கொண்டாரணும் அண்ணே. குளிக்கத் தண்ணி மட்டும் கேட்டுராதிய. மாதா மேல ஆணையா, எனக்கே இல்ல” என்றாள் அந்தோணியம்மாள்.

வாடகை கைக்கு அடக்கமாக இருந்தது. இடமும் சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் காசிலிங்கம் முகத்தைச் சுளித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். கருவாட்டு வாடை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கடற்கரை ஊரில் பிறந்து வளர்ந்தவருக்குக் கருவாட்டு வாடையாம்! விஷயம் வேறு. நாலு தெரு தள்ளி, கடைத்தெருவில்தான் செல்லக்கனியை வாழக் கொடுத்திருந்தார். சம்பந்தி வன்னியபெருமாள் பலசரக்குக் கடை வைத்திருப்பவர், தெருவில் நாலு பேர் அண்ணாச்சி என்று எழுந்து நிற்கிற ஆள். பெண்ணின் தகப்பன் ஒரு வாட்ச்மேன் எழுந்துபோன சூட்டில் போய்ப் படுக்கிறான் என்று அந்த வீட்டில் தெரிந்தால் செல்லக்கனிக்கு என்ன மதிப்பு இருக்கும்? போன வருடம்தான் கல்யாணம் ஆன பெண். மதிப்பு ஒட்டிப் பிடிக்கிற பருவம்.

அதனால் என்ன செய்தார் தெரியுமா? லாட்ஜில் தங்கியிருக்கிறேன் என்று சம்பந்தி வீட்டில் சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் துண்டை விரித்துப் படுத்தார். அப்படியே கொஞ்ச நாள் ஓடியது. ஒருநாள் விடிகாலையில் உடன்குடிக் கருப்பட்டிச் சிப்பம் இறக்க வந்த வன்னியபெருமாளே நேரில் வந்து நின்றுவிட்டார்.

“சம்பந்தி, இதென்ன கோலம்?” என்றார் அவர். காசிலிங்கம் பதறி எழுந்து வேட்டியைச் சரிசெய்தார். “வன்னியபெருமாளுக்குப் பொண்ணு குடுத்தவன் பஸ் ஸ்டாண்டுல கெடக்கான்னு ஊரு காறித் துப்பும்லா! எந்திரிங்க, வீட்டுக்கு வாங்க.”

பெண் கொடுத்த வீட்டில் தகப்பன் வாரக்கணக்கில் தங்குவது நம் பக்கத்தில் வழக்கமில்லை. போனால் ஒரு வேளை கை நனைக்கலாம், பெண்ணைக் கண்ணால் பார்க்கலாம், அடுத்த பஸ் பிடித்து வந்துவிட வேண்டும். காசிலிங்கத்துக்கு அது தெரியாதா? நன்றாகத் தெரியும். ஒரே ஒரு ராத்திரி என்று சொல்லிக்கொண்டுதான் போனார்.

கடைக்குப் பின்கட்டுதான் அவர்கள் குடியிருந்த வீடு. பட்டாசாலை என்கிற ஒடுக்கமான முன்கூடம், ஒரு அடுப்படி, ஒரே ஒரு அறை. அந்த அறையில் கிடந்த தேக்குக் கட்டில் காசிலிங்கமே சீராகச் செய்து கொடுத்தது. சம்பந்தியம்மாள் பாக்கியத்தாய் அதில் புது விரிப்பு போட்டு, “இங்கன படுங்க அண்ணாச்சி” என்றாள்.

“மாப்பிள்ளைக்கு, மயினி?”

“அவன் கடையில மூட்டை மேல படுத்துக்கிடுவான். எலித் தொல்லைக்கும் ஆள் வேணும்லா. செல்லக்கனி எங்கூட அடுப்படியில படுத்துக்கிடும். ஒரு ராத்திரிதான.”

மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்து வேறு இடம் தேடக் கிளம்பியவரை வன்னியபெருமாள், வேலையாட்களை இறக்கிவிடும் ஹார்பர் லாரியடியிலேயே மறித்துக் கூட்டி வந்துவிட்டார். அடுத்த நாள் காசிலிங்கமே வந்தார். அதற்கடுத்த வாரம் திங்கட்கிழமை பையை நேரே அந்த அறையில் கொண்டுபோய் வைத்தார். ஆறு மாதம் ஓடிவிட்டது.

என்ன உபசாரம், அடேயப்பா! ராத்திரி வாழை இலை, அப்பளம், ஒரு மீன் குழம்பு. சம்பந்தி வந்து உட்காராமல் வன்னியபெருமாள் சாப்பிட உட்கார மாட்டார். பாக்கியத்தாய் நின்றுகொண்டேதான் பரிமாறுவாள். தண்ணீருக்குத் தூத்துக்குடி படுகிற பாடு ஊருக்கே தெரியும். காசிலிங்கம் குளிக்க விடியுமுன்னே இரண்டு குடம் நிரம்பியிருக்கும். தெருக்குழாயில் வரிசையில் நின்று செல்லக்கனி கொண்டுவந்து வைத்த தண்ணீர் அது. அவரும் சும்மா வரவில்லை. திங்கட்கிழமைதோறும் வழியில் ஆத்தூரில் இறங்கி மயினிக்கு ஒரு கவுளி வெற்றிலை வாங்கிக்கொண்டு, வீட்டு முருங்கைக்காயை ஒரு கட்டு சுமந்துகொண்டு வருவார். அதைக் கொடுத்துவிட்டால் கணக்கு நேராகிவிட்டது என்று ஒரு நினைப்பு.

மாப்பிள்ளை பேச்சிமுத்து கடையில்தான் படுத்தான். சனிக்கிழமை சாயங்காலம் காசிலிங்கம் ஊருக்குப் புறப்படும்போது அவனும் வத்தல் கொள்முதலுக்கு வடக்கே சந்தைக்கு லாரி ஏறுவான். திங்கட்கிழமை காலையில் அவன் வந்து இறங்கும்போது இவரும் வந்து இறங்குவார். மாமனாரைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கிற பிள்ளை, ஒரு சொல் மறித்துப் பேச மாட்டான்.

காசிலிங்கத்துக்கு இது உறைக்கவில்லையா என்று கேட்டால், என்ன சொல்வது! கடை வைத்திருக்கிற வீட்டில் ஆம்பளை கடையில் படுப்பதுதான் முறை என்று அவர் மனசு எப்படியோ தீர்மானம் செய்துகொண்டது. முதல் ராத்திரி அவரே வாயால் கேட்ட கேள்வியை அவரே மறந்துபோனார். கால் நீட்டிப் படுக்க இடம் கிடைத்துவிட்டால் மனுஷனுக்கு என்னவெல்லாம் மறந்துபோகிறது பாருங்கள்.

ஊரில் அவர் மனைவி சண்முகவடிவு சும்மா இருக்கவில்லை. குளத்துக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் “மகளுக்கு விசேஷம் உண்டா?” என்றுதான் கேட்டார்கள். கேட்கிறவளுக்கு என்ன, கேட்டுவிட்டுப் போய்விடுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோற்றைப் போட்டுவிட்டுச் சண்முகவடிவு எதிரே உட்கார்ந்தாள்.

“நீங்க அங்கனதான கெடக்கிய? கண்ணால பாத்துச் சொல்லுங்க. மாப்ள நம்ம பிள்ளைமேல பிரியமா இருக்காரா?”

“ஏன், இருக்காரே.”

“ரெண்டு பேரும் சிரிச்சுப் பேசுதாவளா?”

காசிலிங்கம் சோற்றில் கை வைத்தபடி யோசித்தார். ஆறு மாதத்தில் மகளும் மருமகனும் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசி அவர் பார்க்கவில்லை. மாப்பிள்ளைமேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கட்டின பெண்டாட்டியைத் திரும்பிப் பார்க்காத பயலுக்கா நாம் தேக்குக் கட்டில் செய்து கொடுத்தோம்?

அந்த வாரமே எரிகிற தீயில் எண்ணெய் விழுந்தது. காலையில் வேலைக்குக் கிளம்பித் தெருக்குழாயைக் கடக்கும்போது வரிசையில் நின்ற ஒருத்தி செல்லக்கனியைப் பார்த்து, “என்னளா, இன்னமும் ஒன் இடுப்புல தண்ணிக்கொடந்தானா?” என்று கேட்டுச் சிரித்தாள். மற்றவர்களும் சிரித்தார்கள். செல்லக்கனி குடத்தைத் தூக்கிக்கொண்டு தலையைக் குனிந்தபடி அப்பாவைப் பார்க்காமலே போனாள். அன்று பூராவும் காசிலிங்கம் கட்டின கம்பியில் பாதியை மேஸ்திரி அவிழ்த்துக் கட்டச் சொன்னார்.

அன்று ஏதோ ஊர்வலம் என்று கடைத்தெருவைச் சீக்கிரமே அடைத்துவிட்டார்கள். பேச்சிமுத்துவும் இலையில் வந்து உட்கார்ந்தான். சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் அடக்கி வைத்திருந்த காசிலிங்கம் கை கழுவிவிட்டு வந்து நின்றுகொண்டே ஆரம்பித்தார்.

“மாப்ள, நான் சொல்லுதேன்னு நெனைக்கப்பிடாது. கடை மூட்டைக்கு எலி காவல் இருக்கவா ஒங்களுக்குக் கல்யாணம் பண்ணி வச்சோம்? வீட்டுல ஒரு பொம்பளப்பிள்ள இருக்கா. ஊரு அவளைப் பாத்துச் சிரிக்குது. இனி கடையில படுக்கப்பிடாது, ஆமா. இன்னைக்கிலருந்து வீட்டுலதான் படுக்கணும்.”

வன்னியபெருமாள் வெற்றிலையை மடித்தபடி அப்படியே இருந்தார். அடுப்படி வாசலில் நின்ற செல்லக்கனி சட்டென்று உள்ளே போய்விட்டாள். பேச்சிமுத்துவுக்குக் காது மடல்வரை சிவந்துவிட்டது.

“சரி மாமா” என்றான் அவன்.

தகப்பன் என்றால் இப்படிக் கேட்கவேண்டும் என்ற மிதப்போடு காசிலிங்கம் அறைக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். வெளியே பாயை உதறுகிற சத்தம் கேட்டது. யாருக்குப் பாய் என்று கதவிடுக்கில் எட்டிப் பார்த்தார். பேச்சிமுத்து பட்டாசாலையில் தன் அப்பாவுக்குப் பக்கத்தில் பாயை விரித்துக்கொண்டிருந்தான். இரண்டு பேர் நீட்டிப் படுக்க அங்கே அகலம் பத்தாது. அறைக் கதவோரமாக முழங்காலை மடக்கிக்கொண்டு, தன் அறைக்கு வெளியே, அந்தப் பிள்ளை சுருண்டு படுத்தான். அடுப்படியில் பாக்கியத்தாய் படுத்துவிட்டாள். செல்லக்கனி சுவரில் சாய்ந்து, சேலையை முகத்தோடு இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் காசிலிங்கத்தின் மண்டையில் ஏறியது. ஏறியது என்றால் சும்மா ஏறவில்லை. வீட்டிலேயே படு என்று மாப்பிள்ளைக்கு உத்தரவு போட்டாரே, எங்கே படுக்கச் சொன்னார்? இவர் எந்திரித்தால்தானே அவன் படுப்பான்! ஆறு மாதமாக மகளையும் மருமகனையும் பிரித்துப் போட்டுவிட்டு, நடுவில் மல்லாந்து படுத்துக் குறட்டை விட்டது யார்? குழாயடியில் ஊர் சிரித்தது யாரால்? நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம்போல இருந்தது அவருக்கு. இதில் கேவலம், அது தெரியாமல் செய்ததும் இல்லை. ‘மாப்பிள்ளைக்கு, மயினி?’ என்று முதல் ராத்திரி கேட்ட வாய் இதே வாய்தான். தெரிந்த ஒன்றைச் சௌகரியத்துக்காக மூடி வைத்துக்கொண்டார். அவ்வளவு பேரும் மரியாதைக்காக வாயைத் திறக்காமல் இருந்தார்கள். இவர் அந்த மரியாதையைத் தின்று கொழுத்தார்.

உடனே எழுந்துபோய் அவர்களை உள்ளே படுக்கச் சொல்லலாம். எப்படிச் சொல்வது? பெற்ற தகப்பன் வாயால் சொல்கிற பேச்சா அது? கட்டிலை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தார். விடிகிற வரை அப்படியே இருந்தார்.

காலையில் பையைத் தூக்கிக்கொண்டு, “கண்ட்ராக்டரு ஷெட்டுல எடம் குடுத்துட்டாரு மயினி. இனி அங்கனயே படுத்துக்கிடுவேன்” என்று பாக்கியத்தாயிடம் சொன்னார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நேரே அந்தோணியம்மாள் வீட்டுக்குப் போனார். நல்லவேளை, அந்தக் கட்டில் இன்னும் பாதி காலியாகத்தான் இருந்தது.

வாயைத் திறந்து ஒரு வார்த்தை உண்மையைச் சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். சொல்லாமல் போனதால் அங்கே வேறு மாதிரி ஆகிவிட்டது. சம்பந்தி கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்று அந்த வீடே இடிந்து உட்கார்ந்தது. பாக்கியத்தாய்க்குச் சோறு இறங்கவில்லை. “என்ன கொறை வச்சோம்? ஒங்கப்பாவுக்கு நாங்க என்ன கொறை வச்சோம்?” என்று செல்லக்கனியைப் பிடித்துக்கொண்டாள். வன்னியபெருமாள் லாரிக்காரர்களிடம் விசாரித்தார். ஷெட்டு என்றது பொய், ஆள் மாதா கோயில் பின்தெருவில் வாட்ச்மேன் கட்டிலில் கிடக்கிறார் என்று தெரிந்ததும் அவருக்கு மனசு ஆறவில்லை.

ஒரு சாயங்காலம், கோயில் மணி அடித்து அந்தோணியம்மாள் மாதா படத்துக்கு முன் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தாள். காசிலிங்கம் பனியனோடு கட்டிலில் உட்கார்ந்து கடையில் வாங்கி வந்த இட்லியைப் பிரித்தார். வாசலில் நிழல் தட்டியது. வன்னியபெருமாள், பாக்கியத்தாய், அவர்களுக்குப் பின்னால் செல்லக்கனி. பேச்சிமுத்து கடையைப் பார்த்துக்கொள்ள நின்றுவிட்டான்.

“எங்க முகத்துல இப்படிக் கரியப் பூசலாமா சம்பந்தி?” என்றார் வன்னியபெருமாள்.

காசிலிங்கம் இட்லிப் பொட்டலத்தைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு எழுந்தார். “அதெல்லாம் ஒண்ணுமில்ல அண்ணாச்சி. இங்கன காத்து நல்லா வருது.”

“காத்தா? அன்னைக்கு நீங்க சொன்னதுலயே ஒங்களுக்குப் பேச்சிமுத்துமேல மனத்தாங்கல்னு எங்களுக்குத் தெரியும். அவன் சின்னப் பய. நீங்க போனதுலருந்து அவனும் சரியாச் சாப்பிடல. வீட்டுக்கு வாங்க, ஒங்க கால்ல விழச் சொல்லுதேன்.”

காலில் விழவேண்டியது யார்! அந்தத் தங்கமான பிள்ளை ஒரு தப்பும் செய்யாமல் வந்து இவர் காலைத் தொடப்போகிறான். இப்போதாவது சொல்லவேண்டும். காசிலிங்கம் சொல்லத்தான் நினைத்தார். “ஹார்பருக்கு லாரி இங்கனருந்து பக்கம்” என்றுதான் வந்தது.

பாக்கியத்தாய் அழுதுவிட்டாள். செல்லக்கனியின் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள். “ஏளா, நீ கூப்புடு. நீ கூப்பிட்டா ஒங்கப்பா வருவாரு. வாயைத் தொறந்து கூப்புடு.”

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அந்தோணியம்மாளும் மெழுகுவத்தியை வைத்துவிட்டுத் திரும்பினாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமனார் முன்னால் குரல் உயர்த்தாத பெண், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிப் பழகிய பெண். அவளுக்குக் கழுத்தெல்லாம் வேர்த்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். அப்புறம் தரையைப் பார்த்துச் சொன்னாள்.

“அப்பா இங்கனயே இருக்கட்டும் அத்தை. நம்ம வீட்டுல எடம் இல்ல.”

அது என்ன இடம், யாருக்கு இல்லாத இடம் என்று அங்கே நின்றவர்களில் விளங்காதவர் ஒருவரும் இல்லை. பாக்கியத்தாயின் பிடி தளர்ந்தது. வன்னியபெருமாள் தெருப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாமனாரும் மாமியாரும் ஊர் பேர் தெரியாத ஒரு பொம்பளையும் கேட்க, பெற்ற தகப்பனைப் பார்த்து, தன் படுக்கையைத் திருப்பிக் கொடு என்று ஒரு பெண்பிள்ளை கேட்டுவிட்டாள். மானம் போகும் மானம் போகும் என்று வெள்ளை வேட்டியும் பொய்யுமாக ஓடி ஓடிக் காப்பாற்றின மனுஷன், தான் வாய்விட்டுச் சொல்லவேண்டியதை அவள் வாயால் சொல்ல வைத்துவிட்டார்.

“பிள்ள சொல்லுதது சரிதான் மயினி” என்றார் காசிலிங்கம். “மாப்ளகிட்ட... மாப்ளகிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லுங்க.”

பாக்கியத்தாய் மருமகளின் தோளைத் தொட்டுக் கூட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். வன்னியபெருமாள் கும்பிட்டுவிட்டுப் பின்னால் போனார். படி இறங்கும்போது செல்லக்கனி அப்பாவைத் திரும்பிப் பார்த்தாளா இல்லையா என்று காசிலிங்கத்துக்குத் தெரியாது. அவர் தலையை நிமிர்த்தவே இல்லை.